மழையும் நெருப்பும் அம்மையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்து வழிபாட்டு மருத்துவம்

நம் வீட்டுக் குழந்தைக்கு உடம்பில் கொப்புளம் கண்டால் "அம்மை வாத்திருக்கு" என்கிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் அதையே "அம்மவாரு போசிந்தி" என்கிறார். இரண்டு மொழியிலும் வினை ஒன்றுதான். வார்த்தல், போயடம், அதாவது ஊற்றுதல். நோய் 'வந்தது', 'தொற்றியது' என்று சொல்வதில்லை. தாய் மேலிருந்து ஊற்றினாள் என்கிறார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். நோய் தணிந்தால் குழந்தையின் தலைக்குத் தண்ணீர் வார்க்கிறோம். வானம் வார்ப்பது மழை. ஒரே சொல் இத்தனை இடத்தில் வருவது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். அதை விளக்கவே இக்கட்டுரை.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். அதனால்தான் அவள் முத்துமாரி. தீக்குழிக்குப் 'பூக்குழி' என்று பெயர். தீ மிதிப்பதைப் பூ மிதிப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நோய் குறைந்தால் "தாய் இறங்கிட்டா" என்பார்கள். பயங்கரமான ஒன்றை மரியாதையான பெயரிட்டு அழைக்கும் வழக்கம் இது. வீட்டுக்கு வந்துவிட்ட கோபக்காரப் பெரியம்மாவிடம் எப்படிப் பேசுவோமோ, அப்படித்தான் நோயிடமும் நெருப்பிடமும் மழையிடமும் இந்த மக்கள் பேசியிருக்கிறார்கள். எதிரியை விரட்டுவது போல அல்ல, உறவுக்காரரை உபசரித்து வழியனுப்புவது போல.

உபசாரம் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. அம்மை கண்ட வீட்டு நடைமுறைகளைப் பட்டினத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அதைப் பார்த்தவுடன் வெளியாள் உள்ளே வரமாட்டார். அந்த வீட்டாரும் கல்யாணம், கருமாதி என்று எங்கும் போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப்படுக்கை, விரிப்பின் மேல் வேப்பிலை. அரித்தால் நகத்தால் சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால் வருடிவிட வேண்டும். இளநீர், மோர், நுங்கு, கேழ்வரகுக் கூழ் தருவார்கள். அடுப்பில் தாளிக்கவே மாட்டார்கள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற சத்தமும் நெடியும் தாய்க்கு ஆகாது. வீட்டில் நெருப்பைக்கூட அடக்கி வாசிக்க வேண்டும்! சாயங்காலம் ஒரு பாட்டி உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டுப் படிப்பார். தாலாட்டு குழந்தைக்கு அல்ல, குழந்தையின் உடம்பில் வந்து இறங்கியிருக்கும் தாய்க்கு.

தண்ணீர் ஊற்றும் நாளும் கணக்குத்தான். முத்து வாடியபின் முதல் தண்ணி, ஒருநாள் விட்டு அடுத்தது, பொருக்கு உதிர்ந்ததும் மூணாந் தண்ணி. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை அண்டாவோடு வெயிலில் வைத்துச் சூடேற்றுவார்கள், அடுப்பில் ஏற்றமாட்டார்கள்.

மழைக்கும் அம்மைக்கும் என்ன தொடர்பு?

மாரி என்றால் மழை. பழைய தமிழில் இதில் ஐயமே இல்லை. வடமொழியில் மாரி என்றால் கொள்ளைநோய், சாவு என்று பொருள். இரண்டு சொல்லும் கலந்து மாரியம்மன் ஆனாள் என்று அறிஞர்கள் சிலர் சொல்வதுண்டு. எது முந்தியது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நமக்கு வேண்டியது இந்தப் பக்கத்துச் சான்று. மாரியம்மன் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே தெலுங்குக்காரர்களுக்குக் கங்கம்மா இருக்கிறாள். கங்கையும் தண்ணீர்தான். ஆக, உடம்பைத் தீயாய்க் கொதிக்க வைக்கும் நோய்க்கு உரிய தெய்வத்தை இரண்டு மொழிக்காரர்களும் தண்ணீர்ப் பெயரால் அழைக்கிறார்கள்.

இதற்கு ஒரு மருத்துவக் காரணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சர் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்தியாவில் பெரியம்மைக்கும் பருவநிலைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1926இல் நூல் வெளியிட்டார். பல ஆண்டுச் சாவுக் கணக்குகளை மழைக் கணக்குகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நாட்டின் பெரும்பகுதியில் காற்று வறண்ட மாதங்களில் பெரியம்மை ஏறுவதும், பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் இறங்குவதும் தெரிந்தது. மழை பொய்த்த ஆண்டை அடுத்து நோய் பெருக வாய்ப்பு அதிகம் என்பதையும் கண்டார். கொள்ளைநோயை முன்கூட்டியே கணிக்க மழை அளவைப் பார்க்கலாம் என்பதே அவர் யோசனை. மழை பெய்தால் தாய் குளிர்ந்துவிடுவாள் என்று நம் கிராமத்துக் கிழவிகள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

உடனே "நம் முன்னோர் அறியாத விஞ்ஞானமா!" என்று மார் தட்ட வேண்டாம். அம்மாதிரிக் கட்டுரைகள் மலர்களில் நிறைய வந்துவிட்டன. வைரஸ் என்பதை அவர்கள் அறியவில்லை, அறிந்திருக்க வழியும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்ததை மறக்காமல் ஒரு தெய்வத்தின் பெயரில் சேர்த்து வைத்தார்கள். அதுவே பெரிய காரியம்.

சித்தூர்ச் சீமைக்கு மழை என்பது எப்போதும் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் விஷயம். வானம் பார்த்த வேர்க்கடலைச் செய்கை. தென்மேற்கும் கொஞ்சம், வடகிழக்கும் கொஞ்சம், இரண்டும் ஏமாற்றும் ஆண்டும் உண்டு. அதனால் மழை கேட்கும் சடங்குக்கு இங்கே பஞ்சமில்லை. தவளையை உலக்கையில் வேப்பிலையோடு கட்டி வீடு வீடாகப் பெண்கள் தூக்கிப் போக, ஒவ்வொரு வாசலிலும் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது தெலுங்கு ஊர்களின் வழக்கம். கொடும்பாவி கட்டி இழுப்பது தமிழ் ஊர்களின் வழக்கம். பாரதத்தில் விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது இரண்டு பேருக்கும் பொது. திருமலையில் 2019ஆம் ஆண்டு மே மாதம் தேவஸ்தானத்தார் நடத்திய காரீரி இஷ்டி, வேதத்தில் உள்ள மழை வேள்வி. தவளையின் மேல் தண்ணீர் ஊற்றும் கிராமத்துப் பெண்ணும், தீயில் அவி சொரியும் வேதியரும் கேட்பது ஒன்றைத்தான். ஒருவர் தண்ணீர் வழியாகக் கேட்கிறார், மற்றவர் நெருப்பு வழியாக.

திருப்பதி கங்கம்மா

வெயில் உச்சத்தில் நிற்கும் மே மாதத்தில் திருப்பதி தாத்தையகுண்டக் கங்கம்மாவுக்கு ஜாத்திரை. சித்தூர் நடுவீதி கங்கம்மாவுக்கும், குப்பத்துக் கங்கம்மாவுக்கும் அதே மாதத்தில்தான். திருப்பதி ஜாத்திரையை நேரில் இருந்து பார்த்து ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃபிளூக்கிகர் 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்பே டான் ஹேண்டல்மன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்மில் பலருக்கு டிராபிக் ஜாம் ஆகும் வாரம் என்ற அளவில்தான் தெரியும்!

பாளையக்காரன் ஒருவன் ஊர்ப் பெண்களைக் கெடுத்துவந்தான். அவனை அழிக்க அவிலாலா கிராமத்தில் கைகால குடும்பத்தில் கங்கம்மா வளர்ந்தாள். அவள் சுயரூபம் கண்டு அவன் ஓடி ஒளிந்தான். பைராகி, பண்ட, தோட்டி என்று நாளுக்கொரு வேடம் போட்டுத் தேடியவள், தொர வேடத்தில் அவனை வெளியே வரவழைத்துத் தலையைக் கொய்தாள். இது கதை. ஊர்ச் சனங்கள் அதே வேடங்களைத் தங்கள் உடம்பிலும் போடுகிறார்கள். பைராகிக்கு வெள்ளை நாமக்கட்டி, பண்டவுக்குக் குங்குமம், தோட்டிக்குக் கரி. ஆண்பிள்ளைகள் புடவை கட்டி, சவுரி முடி வைத்து, பூச்சூடி வருவதையும் பார்க்கலாம். வேடிக்கைக்காக அல்ல. சிறு வயதில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது "பிழைத்தால் உனக்கு வேஷம் போட வைக்கிறேன் தாயே" என்று பெற்றவள் நேர்ந்துகொண்டிருப்பாள். மீசை முளைத்த பின்னும் அந்தக் கடனைத் தீர்க்கிறான். மருத்துவக் கட்டணம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், தவணையில் கட்டுவது.

கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை முறை. அதனால் திருமலையிலிருந்து பிறந்த வீட்டுச் சீராகப் புடவையும் மஞ்சள் குங்குமமும் வருகின்றன. கடைசி இரவில் கோயில் முன்னால் களிமண்ணால் அவள் பெரிய முகம், விசுவரூபம், செய்கிறார்கள். விடியும் நேரத்தில் அந்த முகத்தின் கன்னத்தை வெட்டிக் கலைப்பார்கள். 'செம்ப நரகடம்' என்பது அதற்குப் பெயர். உடனே கூட்டம் முண்டியடித்து அந்த மண்ணை அள்ளும். ஒரு துண்டு கிடைத்தால் பூசை அறையில் வைத்து, காய்ச்சல் கண்டால் கரைத்துப் பூசுவார்கள். கொதித்த தாய் மண்ணாகிக் குளிர்ந்து, வீட்டுக்கு வீடு மருந்தாகப் போகிறாள். அதற்குப் பிறகு வருவது மழைக்காலம்.

ஜாத்திரையைச் சாட்டிவிட்டால் ஊரார் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் பழையது. நம் தமிழ் ஊர்களில் காப்புக் கட்டியபின் இருக்கும் அதே விதி. நோய் பரவும் பருவத்தில் ஊரை ஊரோடு நிறுத்தி வைக்கும் விதி இது என்பதைக் கொரோனாக் காலத்து 2020 ஊரடங்கைப் பார்த்த தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை.

நெருப்பு ஏன் குளிர்கிறது?

வெயில் கொளுத்துகிற ஊரில், சூட்டு நோயைத் தீர்க்க, நெருப்பை மிதிப்பானேன்? நம் பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி இது.

புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கத்தில் திரௌபதி அம்மனைத் 'தர்மராஜ சுவாமி கோயில்' என்ற பெயரில்தான் தேட வேண்டும். தமிழ்நாட்டில் செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டது இந்த வழிபாடு என்று ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் 1988இல் வெளிவந்த தம் பெரிய நூலில் நிறுவினார். இந்தப் பகுதியின் பெரும்பங்கு 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்த மண். 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1960இல் திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் போயின. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடு எத்தனை முறை மாறினாலும் பாரதம் கேட்கும் பழக்கம் மாறவில்லை. பகலில் கதை, இரவில் கூத்து. இங்கே கதை பெரும்பாலும் தெலுங்கில், கூத்தின் நடையோ நம் ஊர்க் கூத்தின் நடை.

அர்ச்சுனன் தபசு நாளில் வேடக்காரர் உயரமான மரத்தில் ஏறி எலுமிச்சையும் பழமும் வீசுவார். பிள்ளை வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாளில் மைதானத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனன் தொடை பிளக்கப்படும். விரித்த கூந்தலை அன்றுதான் திரௌபதி முடிவாள். அதே மாலையில் அக்கினி குண்டம்.

வரிசையை யோசித்துப் பாருங்கள். அவள் வேள்வித் தீயில் பிறந்தவள். சபையில் பட்ட அவமானம் அவளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. பகை முடிந்தபின் அந்தச் சூட்டை எங்கே இறக்குவது? பிறந்த இடத்திலேயே, நெருப்பிலேயே. மஞ்சள் துணி, கையில் காப்பு, ஈர உடம்பு, வேப்பிலையோடு பக்தர்கள் அவள் பின்னால் நடக்கிறார்கள். பல இடங்களில் குழியின் மறுமுனையில் கால் நனைக்கப் பால் குழி இருக்கும். நேர்த்தி பெரும்பாலும் நோய்க்கானது: காய்ச்சல், அம்மை, மலடு. உடம்பில் உள்ள சூட்டைச் சூடுள்ள இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக எண்ணுகிறார்கள்.

நெருப்பு சுடாததற்குக் காரணத்தை இயற்பியல் சொல்லும். கனன்ற கட்டைக்கரி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தாலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படியும் சாம்பல் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு அடியும் கனலில் படிவது அரை நொடி போல. 1935இல் காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஸ் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் முன் நடந்து காட்டியபோது இதையெல்லாம் அளந்து பார்த்தார்கள். ஆனால் நின்றால் சுடும், விழுந்தால் கருகும். தீமிதியில் தவறி விழுந்து உயிர் போனதும் உண்டு. கால் வெந்தவரை "விரதத்தில் ஏதோ குறை" என்று சொல்லி வீட்டில் மறைத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அப்படியே. வேண்டுதல் பெற்றவருடையது, குழந்தையுடையது அல்லவே.

கடல் கடந்த ஒரு சாட்சி

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோ நாட்டில் நாவா என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஆஸ்டெக் பேரரசின் மொழி இவர்களுடையது. போப்போகாதெபெத்தல் என்ற எரிமலையின் அடிவாரக் கிராமங்களில் மழைக்காரர்கள் உண்டு. ஸ்பானிய மொழியில் தியெம்பெரோ, கிரனிசேரோ என்பார்கள். இடி தாக்கியும் பிழைத்தவரை மழைத் தெய்வமே தேர்ந்தெடுத்ததாகக் கொண்டு இந்த வேலைக்கு வைப்பது அவர்கள் மரபு. ஆலங்கட்டியை விலக்குவார், மழையை அழைப்பார், நோயும் தீர்ப்பார். எரிமலைக்கே 'கிரகோரியோ ஐயா' என்று பேர் வைத்து, மார்ச் 12ஆம் தேதி அந்தப் பெயருள்ள புனிதரின் நாளில் படையல் கொண்டுபோகிறார்கள். நெருப்பு மலையை ஊர்ப் பெரியவராகப் பாவிக்கும் மனசும், தீக்குழியைப் பூ என்று சொல்லும் மனசும் அடுத்தடுத்த வீடுதான்.

ஒரு வேறுபாடு சுவையானது. அவர்களுடைய பழைய மழைத் தெய்வம் த்லாலோக் தருவது நீர்க்கோவை, வாதம் போன்ற குளிர் நோய்கள். மருந்து வெப்பம். தெமஸ்கல் என்ற சிறு அறையில் கல்லைக் காய்ச்சி நீர் தெளித்து ஆவி பிடிக்க வைப்பார்கள். மலை நாட்டில் குளிர் பகை. வறண்ட நம் சீமையில் சூடு பகை, மருந்து குளிர்ச்சி. இரண்டு இடத்திலும் மழை தரும் கைதான் நோயும் தருகிறது.

பெரியம்மை 1520இல் ஸ்பானியரோடு மெக்சிகோவில் இறங்கி, குயித்லாவாக் என்ற ஆஸ்டெக் அரசரையே கொண்டுபோனது. அதற்கு முன் அங்கே அந்த நோய் கிடையாது. உபசரிக்கப் பழகாத விருந்தாளி.

அம்மையும் அக்கியும்

பெரியம்மையை உலகத்தை விட்டு அனுப்பியது தடுப்பூசி, வேப்பிலை அல்ல. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1962இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1975க்குப் பிறகு இங்கே ஒருவருக்கும் வரவில்லை. 1980 மே மாதம் உலகச் சுகாதார அமைப்பு உலகமே விடுபட்டதாக அறிவித்தது. தாய் கோபிப்பாள் என்று ஊசிக்கு ஒளிந்த வீடுகள் இருந்தன. அதற்குக் கொடுத்த விலை குருடும் சாவும். ஆனால் நம் மக்கள் அந்த ஊசியையும் கடைசியில் தாயின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 'அம்மை குத்துவது' என்றுதானே பெயர் வைத்தார்கள்!

இன்றைக்கு நம் வீடுகளில் மிஞ்சியிருப்பது சின்னம்மை. அதோடு தொடர்புடைய ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. வட ஆற்காட்டுப் பக்கத்துப் பெரியவர்களுக்கு 'அக்கி' தெரியும். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போல் கொப்புளம், தீக்காயம் போல் எரிச்சல். அக்கினிதான் அக்கி ஆயிற்று. இதற்குக் குயவர் வீட்டுக்குப் போவார்கள். சூளை நெருப்போடு பழகியவர் அல்லவா? காவி மண்ணைக் குழைத்துக் கோழி இறகால் அந்த இடத்தில் எழுதுவார். 'அக்கி எழுதுவது' என்று பெயர். கங்கம்மாவின் கன்னத்து மண்ணும் குயவரின் காவியும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. நெருப்புக்கு மண்ணும் ஈரமும்.

இப்போது மருத்துவம் சொல்வது: சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ்! சின்னம்மை ஆறியபின் அது நரம்பு முடிச்சுக்குள் ஒடுங்கிக் கிடந்து, வயதானபின் அல்லது உடல் தளர்ந்தபின் அக்கியாக வெளிவருகிறது. தண்ணீர்ப் பேர் கொண்ட தாயும் நெருப்புப் பேர் கொண்ட நோயும் உள்ளுக்குள் ஒருவரே.

எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. அக்கி கண்ட மூன்று நாளுக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ கண் பக்கத்திலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும், பார்வை சம்பந்தப்பட்டது. சின்னம்மை பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையாக வரும். மூச்சு வாங்கினால், பிள்ளை மயங்கிச் சோர்ந்தால், தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. தடுப்பூசி இரண்டு தவணை இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மற்றபடி வேப்பிலை வைக்க வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதும்போது மூணாந் தண்ணிக்கு மறுநாளைத் திரும்பும் தேதியாகப் போடுங்கள். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அனுப்பாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார். மூணாந் தண்ணி அதைத் தாண்டித்தான் வருகிறது.